ஐந்து பத்துக்கு வரும் ஆள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு டைம் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது; அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர், நிலையத்தைப் பெருக்குகிறவர்கள் எல்லோருக்கும் டைம் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் நேரக் காப்பாளராக உட்கார்ந்தால் வயது தானாகக் கூடிவிடும் போலிருக்கிறது.

அவளுடைய அறை நிலையத்தின் நடுவில் இருந்தது. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர், சுவரில் கடிகாரம். கண்ணாடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பஸ் வந்து நின்றதும் டிரைவர் அந்த ஓட்டை வழியாகத் தாளை நீட்டுவார். டைம் அக்கா அதில் நான்கு கட்டங்களை நிரப்புவாள்: வந்த நேரம், கிளம்பும் நேரம், தாமதம், காரணம். முதல் மூன்றும் கடிகாரம் சொல்வது. நான்காவதுதான் சுவாரசியம். கூட்டம், பஞ்சர், சிக்னல், மழை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாள். ஒருநாள் ஒரு டிரைவர், மனசு சரியில்லை, அதனால்தான் லேட் என்றார். அதையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, பஞ்சரைப் போல அதுவும் ஒரு காரணம்தானே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த வேலை அவளுக்கு ஒரு கொள்கையைக் கொடுத்திருந்தது. மனிதர்கள் சரியான நேரத்துக்கு வர மாட்டார்கள். ஒரு நிமிடமாவது முன்னே பின்னே இருக்கும். இத்தனை வருடத்தில் தாமதக் கட்டத்தில் 'இல்லை' என்று ஒருநாள்கூட எழுதியது கிடையாது என்பதை அவள் ஏதோ விருது வாங்கியது போலச் சொல்லிக்கொள்வாள். "மனுஷன் ஓட்டற வண்டி. கரெக்டா வந்து நின்னா அது வண்டி இல்ல, கடிகாரம்" என்பாள். இந்தக் கொள்கைதான் பிற்பாடு அவளைக் கவிழ்த்தது.

அதற்கு முன்னால் இணையதளம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்பு அவளுக்குத் தொண்டை கட்டியது. நாள் முழுவதும் மைக்கில் அறிவிப்பு, மைக்கை அணைத்தால் ஓட்டையில் வாயை வைத்து, "பன்னெண்டாம் நம்பர் எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில். கட்டிய தொண்டை இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுக் குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி என்றார். அதை எடுத்த பிறகு மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று வாய்க்குப் பூட்டுப் போட்டு அனுப்பினார். அவளுடைய கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக், அளந்து பேசுகிறவர். டாக்டர் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஆறு மாதம் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்று டைம் அக்கா முறைத்த முறைப்புக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

பேசாமல் வேலைக்குப் போனாள். ஓட்டையில் யார் வந்து கேட்டாலும் பலகையில் எழுதிக் காட்டினாள். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அண்ணி ஒரே விஷயத்தை நாற்பது தடவை எழுதி அழிப்பதைப் பார்த்து அவளுக்குக் கை வலித்ததாம். இரண்டு விடுமுறை நாட்கள் உட்கார்ந்து ஒரு இணையதளத்தைச் செய்துவிட்டாள். ஒவ்வொரு பஸ் தடத்துக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இன்றைய பஸ் நேரங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை என்று நேரம் மாறும் என்பதால் கீழே 'அடுத்த நாள்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நாளைய நேரம், மறுபடி அமுக்கினால் நாளை மறுநாள். நிறுத்துகிற இடம் என்று எதையும் அவள் வைக்கவில்லை. யார் போய் முடிவில்லாமல் அமுக்கிக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

குரல் திரும்பி வந்துவிட்டது. இணையதளமும் நிலைத்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அன்றைய மாற்றங்களை ஏற்றுவாள். எந்த வண்டி ரத்து, எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தத் தடம் சுற்றிப் போகிறது. யாரும் செய்யச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் அவள் இதைச் செய்யாத நாட்கள் பத்து விரலுக்குள் அடங்கும். தன் வாயைக் கட்டிப்போட்ட அந்த டாக்டரை இன்றும் நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் என்பாள். நாத்தனாரைப் பற்றிக் கேட்டால், கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று சொல்லிவிட்டு, ஆனால் துவைத்த துணியை மடிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

பக்கத்தின் அடியில் 'இதுவரை வந்தவர்கள்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அவளுடைய பலவீனம். காலையில் கண் விழித்ததும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டீ. பத்து லட்சம் ஆன அன்று பணிமனை கேன்டீனில் கேக் வெட்டினாள். முப்பது லட்சம் ஆனபோது வெட்டவில்லை. பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று சொல்வார்களே என்ற பயம். ஆனால் மனசுக்குள் வெட்டினாள். அவளை ஓட்டையில் வந்து கேட்ட காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் கேட்டிருப்பார்கள். இப்போது முகம் தெரியாத முப்பத்தெட்டு லட்சம் பேர். அவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதிப் போட்டதில்லை, நேரில் வந்து சொன்னதில்லை. பரவாயில்லை, எண் இருக்கிறதே என்று இருந்தாள்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, நட்ட நடுப்பகலில் தளம் திறக்கவில்லை. ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு பஸ் வந்து போய்விடும் போலிருந்தது. மறுநாளும் அப்படியே. அன்று மாலை, தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் தளத்துக்கு வரும் நெரிசலால் அதே கணினியில் இருக்கும் மற்றவர்களுடைய தளங்களும் திணறுகின்றன, ஏழு நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். டைம் அக்கா பயந்துபோய் அதை உடனே நாத்தனாருக்கு அனுப்பினாள். ஆனால் மனசின் ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அவ்வளவு பேரா வருகிறார்கள்.

அந்தச் சந்தோஷத்தை நாத்தனார்தான் உடைக்க வேண்டியிருந்தது. தளத்தின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு ஃபோனில் கூப்பிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல்.

"அண்ணி, வர்றதெல்லாம் ஆளுங்க இல்ல. பாட். ஆளே இல்லாம தானா ஓடற புரோகிராம். ஒவ்வொரு சைட்டா போய் இருக்கற பக்கத்தையெல்லாம் அள்ளிட்டுப் போகும். நம்ம சைட்ல வந்து மாட்டிக்கிச்சு. நான்தான் அடுத்த நாள், அடுத்த நாள்னு முடிவே இல்லாம பட்டன் வெச்சிருக்கேனே, அதை அமுக்கிக்கிட்டே போகுது. இப்ப எங்க இருக்கு தெரியுமா? நூத்தி அறுபது வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழாம் நம்பர் பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்குது."

பதினேழாம் தடத்தையே அடுத்த மாதம் நிறுத்தப் போகிறார்கள் என்றாள் டைம் அக்கா. அவளுக்கு அப்போது சொல்லத் தோன்றியது அவ்வளவுதான்.

கேட்க வேண்டியதை அதற்குப் பிறகு கேட்டாள். அந்த முப்பத்தெட்டு லட்சத்தில் எத்தனை பேர் நிஜமான ஆட்கள்? நாத்தனார் மழுப்பப் பார்த்தாள். அண்ணி விடவில்லை. போன மாதக் கணக்குப்படி நூற்றுக்கு மூன்று இருக்கலாம், அதிலும் சந்தேகம் உண்டு என்றாள். ஃபோனை வைத்துவிட்டு டைம் அக்கா சமையலறையில் போய் நின்றாள். வெட்டிய கேக் ஞாபகத்துக்கு வந்தது. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது. பதினோரு வருடம் மாலை மாலையாக உட்கார்ந்து இயந்திரங்களுக்கா பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். கணவர் வந்து பார்த்தார். தளம் நின்றால் நிற்கட்டும் என்று சொல்லாமல், மூன்று பேர் இருந்தாலும் அந்த மூன்று பேருக்கு பஸ் வேண்டுமே என்றார். அதற்காக அவருடைய அந்தப் பழைய ஆறு மாதக் கிண்டலை மன்னித்துவிட்டதாகப் பிற்பாடு அவளே சொன்னாள்.

மறுநாளே வேலையில் இறங்கினார்கள். எடுத்த எடுப்பில் நாத்தனார் தளத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு மாட்டினாள். இணையத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். பாட்கள் படிக்கிற மாதிரி ஒரு சின்னக் கோப்பு. இந்தப் பக்கமெல்லாம் வர வேண்டாம் என்று அதில் எழுதி வைக்கலாம். கட்டாயம் எதுவும் கிடையாது, மரியாதை தெரிந்தது கேட்கும், தெரியாதது மிதித்துக்கொண்டு போகும். ஆச்சரியமாக, கால்வாசி அன்றைக்கே கேட்டுக்கொண்டு விலகிவிட்டது. டைம் அக்காவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டுப் போன அந்த இயந்திரங்களுக்கு நன்றி சொல்ல வழி உண்டா என்று கேட்டாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து 'அடுத்த நாள்' பொத்தானுக்கு முப்பது நாளோடு முற்றுப்புள்ளி வைத்தாள். நெரிசல் பாதியானது. ஆனால் மீதி இருந்தவை சாமானியப்பட்டவை அல்ல. பாட் என்று சொல்லிக்கொள்ளாமல், சாதாரண ஃபோனிலிருந்து வருகிற ஆள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, முகவரியைக் குறித்துத் தடுக்க வேண்டும். ஏழு நாளில் மூன்று போய்விட்டது. நாத்தனாருக்கு அலுவலக வேலை கழுத்தை நெரித்தது.

அப்போதுதான் டைம் அக்கா வருகைப் பதிவை முதல் தடவையாகத் தானே பார்த்தாள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி. எண்களால் ஆன ஒரு முகவரி, வந்த நேரம் நொடி சுத்தமாக, கேட்ட பக்கம். பார்த்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. இது அவளுடைய தாள்தான். பஸ்ஸுக்குப் பதில் எண், நிலையத்துக்குப் பதில் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, முகவரி முகவரியாக எழுத ஆரம்பித்தாள். வந்த நேரம், அடுத்து வந்த நேரம், நடுவில் எத்தனை நொடி. மனிதர்கள் தாறுமாறாக வந்தார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து எட்டு நிமிடம் மறந்துவிட்டு இன்னொன்றைத் திறந்தார்கள். தவறான தடத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். இயந்திரங்கள் இரண்டு நொடிக்கு ஒன்று, இரண்டு நொடிக்கு ஒன்று என்று தாளம் தப்பாமல் வந்தன. அவளுடைய கொள்கை இங்கே கைகொடுத்தது. வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, மூன்று நாளில் நானூற்றுச் சொச்சம் முகவரிகளைப் பிடித்துக் கொடுத்தாள். நாத்தனார் தன் அலுவலகத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு குழு இருக்கிறது, அதில் உங்களைச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டாள்.

தடுக்கப்படுகிறவர்களுக்கு ஒரு வாசகம் காட்ட வேண்டும் என்றாள் நாத்தனார். தவறிப்போய் ஒரு ஆள் மாட்டிக்கொண்டால் தொடர்புகொள்ள வேண்டுமே. டைம் அக்கா யோசித்துச் சொன்னாள்: 'உங்கள் வருகை நிறுத்தப்பட்டுள்ளது. நீங்கள் மனிதர் என்றால் பேருந்து நிலைய நேரக் காப்பாளர் அறையில் வந்து சொல்லவும்.' ஃபோன் நம்பர் கொடுக்கக் கூடாதா என்றதற்கு, நம்பர் கொடுத்தால் பாட் அதையும் அள்ளிக்கொண்டு போகும், ஆனால் நடந்து வர முடியாதே என்றாள். நாத்தனார் அதையே ஏற்றிவிட்டாள்.

பட்டியலின் கடைசியில் ஒரு முகவரி. ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஐந்து பத்துக்கு வந்தது. ஐந்து ஒன்பது கிடையாது, ஐந்து பதினொன்று கிடையாது. ஆறு தடங்களின் பக்கத்தைத் திறந்தது. ஒரே வரிசை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாற்பது நொடி, போய்விட்டது. பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தால் மாதக்கணக்காக அதே கதை.

"ஆறே பக்கம் அண்ணி. இது ஒரு நெரிசலும் பண்ணல. எந்த பாட் ஆறு பக்கத்துக்காக வரும்? விட்டுருங்களேன்" என்றாள் நாத்தனார்.

"நான் இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். ஆறு மாசம் ஒருநாள் விடாம ஒரே நிமிஷத்துக்கு வர்ற ஆளை எனக்குக் காட்டு, அப்புறம் விடறேன்."

வெள்ளிக்கிழமை மாலை அதுவும் தடுக்கப்பட்டது. தளம் பறந்தது. சனிக்கிழமை நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது, நன்றி என்று. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஓட்டையில் வந்து கேட்ட அதே இருநூறு. லட்சத்திலிருந்து இருநூறுக்கு இறங்கியது வலித்தாலும், இது சுத்தமான கணக்கு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் உள்ளே ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. இந்த இருநூறிலும் எத்தனை வேஷமோ. இவ்வளவு வருடத்தில் நிஜமாக ஒரே ஒரு ஆளுக்காவது இது உதவியிருக்குமா?

திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். மூன்று பஸ் ஒன்றாக வந்து நின்று, டிரைவர்கள் தாளை நீட்டிக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் வரிசையில் நின்றாள். வெள்ளைச் சீருடை, மேலே ஒரு ஸ்வெட்டர், தூங்காத கண்கள். முறை வந்ததும் ஓட்டை அருகே குனிந்தாள்.

"மேடம், நான் மனுஷிதான்னு இங்க வந்து சொல்லணும்னு போட்டிருந்துச்சு. யார்கிட்ட சொல்லணும்?"

டைம் அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். பின்னால் இருந்த டிரைவர், அதை நாங்களும் சொல்லலாமா அக்கா என்றார். அவரை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, அறைக் கதவைத் திறந்து அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்தாள். அந்த அறைக்குள் வெளியாட்களை விடக் கூடாது. அன்றைக்கு அந்த விதி அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வந்தவள் மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் இரவுப் பணி நர்ஸ். எட்டு வருடமாக அதே பிரிவு, அதே பணி. இரவில் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு முடியும். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து எழுந்தால் உடம்பில் ஒன்றும் இருக்காது, நிற்கவே கால் நடுங்கும். முன்பெல்லாம் பஸ் எப்போது என்று தெரியாமல் எழுந்ததும் தள்ளாடித் தள்ளாடி நிறுத்தத்துக்குப் போய் நிற்பார்கள். அரை மணி, முக்கால் மணி. அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சேர்ந்த புதிதில் யாரோ இந்தத் தளத்தைச் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் ஆறு தடத்தின் நேரத்தையும் பார்த்து வார்டு போர்டில் எழுதிவிடுவாள். அவரவர் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்தால் போதும், அதுவரை படுத்திருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. சனிக்கிழமை திறக்கல. ஏதோ கோளாறுன்னு நினைச்சு முதல் நாள் எழுதினதை அழிக்காம விட்டுட்டேன். சனிக்கிழமை டைம் மாறும்னு தோணல, என் தப்புதான். டெய்லர் ஒருத்தர் இருக்கார், போய் நாப்பது நிமிஷம் நின்னு, முடியாம கீழ உக்காந்துட்டார். ஒண்ணும் ஆகல மேடம், உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வெச்சுட்டோம். இன்னிக்கும் திறக்கல, போட்டிருந்ததை அப்பத்தான் முழுசா படிச்சேன். ஃபோனை வார்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது, லாக்கர்ல இருக்கும். அதான் இன்னிக்கு டியூட்டி முடிஞ்சதும் நேரா வந்துட்டேன்."

டைம் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு யாராவது என்றால் தொழில்நுட்பக் கோளாறு என்று தப்பித்திருப்பார்கள். அவளுக்கு அது வராது.

"கோளாறு இல்ல சிஸ்டர். நான்தான் உங்களை நிறுத்தினேன். தினம் அஞ்சு பத்துக்கே வர்றீங்களே, ஒரு நிமிஷம்கூட மாறாம. மனுஷங்க அப்படி வரமாட்டாங்க, இது மிஷின்தான்னு எழுதிக் கொடுத்தேன்."

நர்ஸ் சிரித்தாள். தூக்கம் கெட்ட முகத்தில் அந்தச் சிரிப்பு நிற்காமல் வந்தது. எங்கேயும் நேரத்துக்கு வராதவள் என்று வீட்டில் தனக்குப் பெயர், இதைச் சொன்னால் வீட்டுக்காரர் நம்ப மாட்டார் என்றாள். பிறகு விளக்கினாள். சிகிச்சை முடிந்ததும் ஐந்து பத்துக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் தம்மைத் தாமே கழுவிக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த நேரம் இயந்திரத்திலேயே பதிந்து வைத்தது. ராத்திரி முழுவதும் அவள் கைகள் சும்மா இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அந்தச் சத்தம் கேட்டதும் கணினி முன்னால் போய் உட்காருவாள். ஒரு பக்கம் திறப்பது, எழுந்துபோய் போர்டில் எழுதுவது, திரும்பி வந்து அடுத்த பக்கம். எழுதி முடிக்க நாற்பது நொடி.

"இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட உங்க டைம் தப்பா இருந்ததில்ல. யாரோ பெரிய ஆபீஸ் வெச்சு நடத்தறாங்கன்னு நினைச்சோம். எங்க பேஷண்ட்ஸ் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லுவாங்க. எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியல. இப்பத்தான் வந்து சொல்லுங்கன்னு போட்டிருந்தீங்க."

முப்பத்தெட்டு லட்சம் என்ற எண் கொடுத்த பெருமையையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், படுத்திருக்கிற ஒருவருக்குத் தன்னால் கிடைத்த அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது என்று டைம் அக்காவுக்குத் தோன்றியது. அதைத் தடுத்ததும் தன் கைதான் என்பது கூடவே உறுத்தியது. டெய்லரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே நான்கு பஸ் கையெழுத்துக்காக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடி அறை, உள்ளே நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அங்கேயே நாத்தனாரைக் கூப்பிட்டாள். அந்த ஐந்து பத்தை உடனே விடுவிக்க வேண்டும், அது ஆள்தான், ஆளே இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். நாத்தனார், "சொன்னேன்ல அண்ணி" என்று ஆரம்பித்தாள். கதையை முழுக்கக் கேட்டதும் அந்தக் கிண்டல் எங்கேயோ போய்விட்டது. எட்டு வருடமாகவா, எட்டு வருடமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு விடுமுறை நாளில் விளையாட்டாகச் செய்த வேலை. அலுவலகத்தில் எவ்வளவோ பெரிய வேலையெல்லாம் செய்திருக்கிறேன் அண்ணி, இதைச் செய்ய வைத்ததற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தடையை எடுத்தாள். அன்று மாலையே பக்கத்தின் அடியிலிருந்த எண்ணையும் எடுக்கச் சொன்னாள் டைம் அக்கா. நேரில் வந்து சொல்லவும் என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வருகைப் பதிவைத் திறந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு தாள், நான்கு கட்டம், பேனா. தாமதக் கட்டத்தில் இன்றைக்கு முதல் தடவையாக 'இல்லை' என்று எழுதப் போகிறோம் என்று அவளுக்கு ஒரே உற்சாகம். ஐந்து ஒன்பது ஆனது. ஐந்து பத்து ஆனது. வரி வரவில்லை. திரையைத் தட்டிப் பார்த்தாள். ஐந்து பதினொன்று. தடை சரியாக எடுபடவில்லையோ, இன்றைக்கும் போர்டில் பழைய நேரம்தானோ, டெய்லர் மறுபடி போய் நிற்கிறாரோ என்று நாத்தனாரைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டி வரும், நீதானே சொல்வாய், முன்னே பின்னே இருக்கும் என்றார்.

ஐந்து பன்னிரண்டுக்கு ஒரு வரி வந்தது. நாற்பத்தைந்து நொடி கழித்து இரண்டாவது. பிறகு கொஞ்சம் இடைவெளி, மூன்றாவது. யாரோ பேஷண்டிடம் நின்று பேசிவிட்டு வந்திருப்பாள், டைம் அக்காவைப் பற்றித்தான் பேசினாளோ என்னவோ. ஆறு வரியும் வந்து முடியும்வரை அவள் டீயைத் தொடவில்லை.

பிறகு பேனாவை எடுத்தாள். வந்த நேரம்: ஐந்து பன்னிரண்டு. தாமதம்: இரண்டு நிமிடம். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, காரணம்: மனுஷி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.